ஹமீதா பானுவின் நோன்பில்லாத நாட்கள்

நோன்பு மாதத்தில் ஹமீதா பானு மதியச் சோறு சாப்பிடுகிற அழகை நான் பார்த்திருக்கிறேன். அடுப்படிக்குப் பின்னால் அரிசி மூட்டை வைக்கிற சின்ன அறை. கதவைச் சாத்தினால் சந்தேகம் வரும் என்று பாதி திறந்து வைத்துவிட்டு, அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிடுவாள். எவர்சில்வர் தட்டு கிடையாது, சத்தம் போடும். பிளாஸ்டிக் டப்பாதான். ரசம் கிடையாது, உறிஞ்ச வேண்டிவரும். ஊறுகாய் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அப்பளத்துக்குப் பேச்சே இல்லை. தயிர் ஊற்றிப் பிசைந்த சோறு, அதுவும் நாலே வாய். தண்ணீர் குடிப்பது குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. பிறகு உதட்டைத் துடைக்காமல் காயவிட்டு ஹாலுக்கு வந்து, "இன்னிக்கு என்னா வெயிலு, நாக்கு ஒட்டிக்கிது" என்பாள்.

நடிப்புக்கு விருது கொடுக்கிறவர்கள் அய்யம்பேட்டைப் பக்கம் வருவதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. விரும்பினால் விடலாம் என்பதல்ல, வைக்கவே கூடாது. விட்டதைப் பிறகு வேறு நாட்களில் வைத்துக் கழித்துவிட வேண்டும். அதற்குக் களா நோன்பு என்று பெயர். இதில் ரகசியம் எதுவும் இல்லை. மதரஸாவில் ஹஜ்ரத் இதைப் பையன்களுக்கும் சேர்த்தேதான் சொல்லிக்கொடுக்கிறார். ஒளிந்து சாப்பிடச் சொல்லி எந்தக் கிதாபிலும் எழுதவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் தெருப் பெண்கள்தான், நானும் அதில் சேர்த்தி.

ஹமீதா பானுவுக்கு நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. பிறந்தது ராஜகிரி, வாழ்க்கைப்பட்டது அய்யம்பேட்டை. கும்பகோணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்வதற்குள் இறங்கிவிடுகிற தூரம்தான். மகன் ஜாஹித் துபாயில் இருக்கிறான். மகள் ரிஃப்கா, நான் சொல்லவந்த வருஷத்தில் பிளஸ் டூ. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதிலும் மொட்டை மாடியில் சுவர் இடுப்பு உயரம்தான். அதனால் அவர்கள் வீட்டில் நடப்பது எனக்குத் தெரியாமல் போனதில்லை.

ஹமீதா பானு பெரியவளான அன்று அவளுடைய தாயார் இரண்டு விஷயம் சொன்னாளாம். ஆம்பளைங்களுக்குத் தெரியக்கூடாது. வலிச்சா பொறுத்துக்கணும். இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, எப்போது நிற்கும் என்று கேட்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு வாழ்க்கையை ஓட்டிவிட்டாள்.

வலி அவளுக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை. முதல் நாள் அடிவயிற்றைப் பிடித்துப் பிழியும். இடுப்பு விட்டுப்போகும், தொடை வரைக்கும் இழுக்கும், வாந்தி வரும், சில மாதம் வயிற்றாலேயும் போகும். ஜாஹிதுக்குச் சுன்னத் கல்யாணம் வைத்த தேதி அவளுடைய முதல் நாளாக அமைந்துவிட்டது. வந்த சனம் அத்தனைக்கும் சிரித்த முகமாகச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, கடைசி ஆள் செருப்பை மாட்டியதும் அந்த அரிசி அறைக்குள் போய்ச் சுருண்டு படுத்தாள். என்ன என்று நாத்தனார் கேட்டதற்கு வாயு என்றாள். வாயு, உடம்புச் சூடு, இடுப்புப் பிடிப்பு, தூக்கம் கெட்டது என்று எங்கள் தெருவில் இதற்குப் பெயருக்குப் பஞ்சமில்லை.

கைவைத்தியம் அத்தனையும் தெரியும். ஓமத்தைக் கொதிக்க வைத்துக் குடிப்பாள், வெந்தயத்தை மோரில் போட்டு விழுங்குவாள், வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி வயிற்றில் வைத்துக்கொள்வாள். ஓமமும் வெந்தயமும் என்ன செய்ததோ, வெந்நீர் பாட்டில் நிஜமாகவே சுகம் கொடுத்தது. ஆனால் ஆள் நடமாட்டமுள்ள வீட்டில் பகலில் பாட்டிலை வயிற்றில் கட்டிக்கொண்டு படுக்க முடியுமா? அதனால் பெரும்பாலும் அந்த இரண்டாவது பாடம்தான், பொறுத்துக்கொள்வது.

ஹமீதா பானுவின் கணவர் யூனுஸ் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவரைக் கொஞ்சம் கிண்டல் செய்யப்போகிறேன். இளவயதில் ரியாத்துக்குப் போனவர், தலை நரைத்துத் திரும்பினார். லீவு எப்போதும் நோன்புப் பெருநாளைக்குப் பிறகுதான் கிடைக்கும். ஆகவே கல்யாணமான காலம் முழுக்க நோன்பு மாதத்தை அவர் ஆண்கள் நிறைந்த ஒரு அறையில் கழித்தார், ஹமீதா பானு பெண்களும் ஒரு சின்னப் பையனும் மட்டும் இருந்த ஒரு வீட்டில் கழித்தாள். அந்த வருஷங்களில் அவள் மேசையில் தட்டு வைத்து, அப்பளமும் சேர்த்துக்கொண்டு, ராணி மாதிரி சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்த யூனுஸ் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் திறந்தார். வளையல், கிளிப், ஹிஜாப் ஊசி, பவுடர். நாப்கினும் உண்டு. பெண்கள் வந்து எதையும் சொல்லாமல் அந்த அலமாரியைப் பார்த்தால் போதும், அவர் தலையைக் குனிந்துகொண்டே எடுத்து, நியூஸ்பேப்பரில் சுற்றி, கறுப்பு கேரிபேக்கில் போட்டுக் கொடுப்பார். தன் வீட்டுக்கு வேண்டியதை ஹமீதா பானு அந்தக் கடையில் எடுக்க மாட்டாள். தெருவின் மறுகோடியில் இருக்கிற நௌஷாத் கடையில் வாங்குவாள். நௌஷாதின் மனைவி யூனுஸ் கடையில் வாங்குவாள். இந்தப் பண்டமாற்று நடப்பது தலை நிமிராமல் விற்கிற இரண்டு கடைக்காரர்களுக்கும் தெரியாது.

மாதவிலக்கு நாட்களில் நோன்பு இல்லை என்பது யூனுஸுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகத் தெரியும். கேட்டால் ஆதாரத்தோடு சொல்வார். ஆனால் அவருக்கு அந்தப் பெண்கள் எல்லாம் கிதாபுக்குள் இருக்கிறவர்கள். தன் மனைவியும் மகளும் அவர்களில் சேர்த்தி என்று அவர் கணக்குப் பார்த்ததே இல்லை. பார்க்க விடவும் இல்லை இவர்கள். விடியலுக்கு முன்னால் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மாலையில் நோன்பு திறக்கும்போது அவரைவிட ஒரு படி அதிக ஆவலோடு பேரீச்சம்பழத்தை எடுப்பார்கள். பெருநாள் முடிந்ததும் களா நோன்பு வைத்தார்களா, அதற்கும் வசதியாக ஒரு பெயர் இருந்தது. அந்த மாதத்தில் விரும்பியவர்கள் வைக்கிற ஆறு நோன்பு உண்டே, அதுதான் இது என்று சொல்லிவிடுவார்கள். கடமைக்கு மேலேயும் நோன்பு வைக்கிற பக்தியைப் பார்த்து யூனுஸுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

நிறைந்த நெஞ்சு சும்மா இருக்குமா? பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு நிற்கிற இடத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்.

"எம் பொண்ணு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து ஒரு நோன்பு விட்டதில்ல பாய்."

பக்கத்தில் நின்ற ஜாஃபர் சாதிக்குக்கு மூன்று பெண் பிள்ளைகள். அவர் தன் தூக்குவாளிக்குள் உற்றுப் பார்த்தார். நின்ற அத்தனை ஆண்களும் தத்தம் தூக்குவாளிக்குள் பார்த்தார்கள். இதை என் வீட்டுக்காரர் வந்து சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் சமோசா கருகிவிட்டது.

அந்த வருஷம் நோன்பும் பிளஸ் டூ பரீட்சையும் ஒரே மாதத்தில் வந்தன. ரிஃப்காவுக்கு விவசாயக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசை. வளையல் கடைக்காரர் மகளுக்கு வயலில் என்ன வேலை என்று யூனுஸுக்குப் புரியவில்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்திருந்தார். கவர்ன்மென்ட் சீட் கிடைத்தால் எந்த ஊராக இருந்தாலும் அனுப்புகிறேன். கிடைக்காவிட்டால் ராஜகிரியில் ஒரு நல்ல இடம் இருக்கிறது, மாப்பிள்ளை கத்தாரில், மறுபேச்சு பேசக்கூடாது. ரிஃப்கா சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் மாடிக்குக்கூட வருவதில்லை, படிப்புதான். சீட்டுக்கு முக்கியமான பாடங்களில் கெமிஸ்ட்ரி ஒன்று. கெமிஸ்ட்ரிப் பரீட்சைத் தேதியும் அவளுடைய தேதியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

மகளுக்காக யூனுஸும் ஒரு தியாகம் செய்தார். நோன்பு மாதத்தில் வியாபாரம் எல்லாம் மாலைக்கு மேல்தானே, பகலில் கடையைச் சாத்திவிட்டு வீட்டிலேயே இருக்கிறேன், பிள்ளைக்குத் துணையாக இருக்கும் என்று வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் ஹாலின் நடு. அங்கிருந்து அடுப்படி தெரியும், அரிசி அறை தெரியும், ரிஃப்கா படிக்கிற அறை தெரியும், குளியலறைக்குப் போகிற வழியும் தெரியும். எல்லைச் சாவடி போட்ட மாதிரி ஆயிற்று.

முதலில் மாட்டியது ஹமீதா பானு. அவளுடைய நாட்கள் நோன்பின் ஆரம்பத்திலேயே வந்தன. அரிசி அறைக்குப் போக வழியில்லை. துவைக்கிற சாக்கில் ஒரு வாழைப்பழத்தைத் துணிக்குள் சுருட்டிக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தின்றாள். தோலை அங்கே போடவா முடியும்? ஈரத்துணிக்குள்ளேயே சுற்றி வாளியில் போட்டாள். வெளியே வந்தால், யூனுஸ் அன்பு மிகுதியில் எழுந்து வந்து, "நோன்போட வாளியைத் தூக்காத, குடு" என்று பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். துணியை உதறினார். தோல் விழுந்தது.

"இது எப்படி வந்துச்சு?"

"பக்கத்து வீட்லேர்ந்து விழுந்திருக்கும்" என்றாள் பின்னாலேயே ஓடிவந்த ஹமீதா பானு.

பக்கத்து வீடு என்றால் நாங்கள். நோன்புப் பகலில் வாழைப்பழம் தின்று தோலை எறிகிற குடும்பம் என்று எங்களுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்துவிட்டாள். அன்று மாலை யூனுஸ் என் வீட்டுக்காரரிடம் மிகவும் நாசூக்காக, உடம்புக்கு எதுவும் முடியலையா பாய் என்று விசாரித்தாராம். இதற்காக ஹமீதா பானு சுவரோரம் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

பிறகு ரிஃப்காவின் முறை நெருங்கியது. தாயிடமிருந்து மகளுக்கு மூக்கு வந்ததோ இல்லையோ, அந்த வலி அப்படியே வந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே முதல் நாள் ஸ்கூலுக்குப் போக முடியாது, போனாலும் பாதியில் திரும்புவாள். அவளோடு படிக்கிற ஷிஃபாவுக்கும் இதே பாடுதான். ஷிஃபா ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாள், பரீட்சையும் எழுதுகிறாள். ஒரு அட்டை மாத்திரையை ரிஃப்காவுக்கும் கொடுத்திருந்தாள். ஹமீதா பானு அதைக் கண்டுபிடித்துக் குப்பையில் போட்டாள்.

"மாத்திரை போட்டுப் பழகினா கர்ப்பப்பை சூம்பிப் போயிடும். நாளைக்கு உனக்கு ஒரு புள்ள தங்கலைன்னா மாமியார் வீட்ல யாரு பதில் சொல்றது?"

"அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்மா. கெமிஸ்ட்ரி."

"நான் பொறுக்கல? இத்தனை வருஷமா நான் பொறுக்கல?"

ரிஃப்கா புத்தகத்தைத் திறந்தாள்.

கெமிஸ்ட்ரி அன்று சஹர் சாப்பிட்டு, பாங்கு சொல்லி, தெரு அடங்கிய பிறகு அவளுக்கு வந்துவிட்டது. வெளிச்சம் வருவதற்குள் வலி ஏறிவிட்டது. ஹமீதா பானு வெந்நீர் பாட்டில் கொடுத்தாள், ஓமத் தண்ணீர் கொடுத்தாள். ஓமத் தண்ணீர் வந்த வழியே திரும்பியது, சஹர் சாப்பாட்டையும் கூட்டிக்கொண்டு. குழாயைத் திறந்துவிட்டுத்தான் வாந்தி எடுத்தாள். ஹாலில் யூனுஸ் மகள் நன்றாக எழுத வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு துஆ செய்துகொண்டிருந்தார். ஒரு இட்லியாவது உள்ளே போனால் தேவலை, ஆனால் அவரைத் தாண்டி இட்லி போக வேண்டுமே. ஹமீதா பானு ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பையின் அடியில் ஒளித்துவைத்தாள். "ஸ்கூல்ல ஓரமாப் போய்ச் சாப்டு" என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

பரீட்சை சென்டர் பாபநாசத்தில். யூனுஸ் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அறுவடை முடிந்த நேரம், வழியெல்லாம் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். நெல்லுக்கு ஒதுங்கினால் பள்ளம், பள்ளத்துக்கு ஒதுங்கினால் வைக்கோல் வண்டி. வண்டி குதிக்கும்போதெல்லாம் ரிஃப்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். அத்தா "ஓதிக்கிட்டே வாம்மா" என்றார். ஸ்கூல் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார், பிஸ்கட்டைப் பிரிக்கலாம் என்று நினைத்திருந்தாள். அவர் போகவில்லை. பெல் அடிக்கிற வரைக்கும் கூடவே நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

இனி நடந்ததை எனக்கு ரிஃப்கா சொன்னாள். பரீட்சை ஹாலில் சூப்பர்வைசராக வந்திருந்தவர் ஷைலஜா என்கிற டீச்சர், கும்பகோணம் பக்கத்து ஸ்கூல்காரர். கேள்வித்தாளைப் பிரித்ததும் எழுத்தெல்லாம் மிதந்ததாம். ஒரு மார்க் கேள்விகளைத் தட்டுத்தடுமாறி முடித்துவிட்டு, அதற்கு மேல் முடியாமல் பெஞ்சில் நெற்றியை வைத்துவிட்டாள். வேர்த்து ஊற்றியது. ஷைலஜா டீச்சர் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

"என்னம்மா செய்யுது? முதல்ல தண்ணி குடி."

"வேணாம் மிஸ். நோன்பு."

கேட்டுக்கொள்ளுங்கள். எதிரே நிற்பவர் ஒரு பெண். அத்தா இல்லை, அண்ணன் இல்லை, எங்கள் தெருக்கூட இல்லை. காதோடு ஒரு வார்த்தை சொன்னால் நொடியில் புரிந்துகொண்டிருப்பார். ஆனால் நாக்கு அப்படிப் பழகிவிட்டது. பெயரைக் கேட்டால் பெயர் வருகிற மாதிரி, தண்ணீர் என்றதும் நோன்பு என்று வந்துவிட்டது. ஷைலஜா டீச்சரோ மரியாதை தெரிந்தவர். மற்றவர் விரதத்தைக் கெடுக்கக்கூடாது என்று பாட்டிலைக்கூட அவள் கண்ணில் படாமல் மேசைக்குக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ரிஃப்கா பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள்.

ஆபீஸுக்குப் பக்கத்து அறையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, வெளியே வேப்பமரத்தடியில் நின்ற யூனுஸை உள்ளே கூப்பிட்டார்கள். ஷைலஜா டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு, "நோன்புன்னு சொன்னா சார், அதான் நான் கட்டாயப்படுத்தல" என்றார். யூனுஸ் தரையில் உட்கார்ந்து மகள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். டீச்சரிடமிருந்து பாட்டிலை வாங்கினார்.

"கண்ணு, நோன்ப விட்டுடு. முடியாதவங்களுக்கு அல்லாஹ்வே விடச் சொல்லியிருக்கான். பாவம்னு ஒண்ணு இருந்தா அது அத்தா மேல இருக்கட்டும். குடிம்மா."

சொல்லும்போதே அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத்தான் ரிஃப்காவால் தாங்க முடியவில்லையாம். இல்லாத நோன்புக்கு இருக்கிற மனிதர் பாவத்தைச் சுமக்கிறாரே என்று.

"அத்தா, எனக்கு இன்னிக்கு நோன்பே இல்ல."

"என்னாம்மா சொல்றே?"

"நோன்பு இல்லத்தா. காலையிலேர்ந்து. அந்த வயித்து வலிதான்."

யூனுஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகம் சிவந்தது. எத்தனை நோன்பு மாதங்களை மனதில் புரட்டினாரோ தெரியாது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப ஏம்மா தண்ணி குடிக்கல?"

பாட்டிலை வாங்கி முழுக்கக் குடித்தாள். பையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றாள். யூனுஸ் எதிர்ச்சாரி மெடிக்கலுக்கு ஓடி, கூட்டத்துக்கு நடுவே, "பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் வலிக்கு மாத்திரை குடுங்க, பரீட்சை எழுதுறா" என்று சத்தமாகவே கேட்டு வாங்கிவந்தார். அதைப் போட்டுக்கொண்டு திரும்ப ஹாலுக்குப் போனாள். வலி மெல்ல மெல்ல இறங்கியது, கை ஓட ஆரம்பித்தது. ஆனால் போன நேரம் போனதுதான். பெரிய கேள்விகளில் சிலதைத் தொடாமலே பேப்பரைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மார்க் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். கெமிஸ்ட்ரி கீழே இழுத்தது, மற்றவை தூக்கிவிட்டன. தஞ்சாவூர்ப் பக்கத்தில் அவள் ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்கவில்லை. கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்றில், ரயிலில் ஒரு ராத்திரி போக வேண்டிய ஊரில் இடம் கிடைத்தது. கவர்ன்மென்ட் சீட்டுதான். வாக்கை யூனுஸ் காப்பாற்றினார். கத்தார் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது, நல்ல பிரியாணி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஹமீதா பானுவைப் பற்றி. அன்று மதியத்துக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்த யூனுஸ் மனைவியிடம் எதுவும் கேட்கவில்லை. "கிளம்பு, தஞ்சாவூர்ல டாக்டரம்மாகிட்ட போறோம்" என்றார். ரிஃப்கா அடுப்படியில் தாயிடம் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். ஹமீதா பானுவுக்கு மகள் மயங்கி விழுந்தது ஒரு அடி, அவருக்குத் தெரிந்துபோனது இன்னொரு அடி. எது பெரிய அடி என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. புர்காவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் மய்யத்து எடுக்கிற வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பாவமாகப் போய்விட்டது, நானும் வருகிறேன் என்று வாடகைக் காரில் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் மதுரம் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் கிளினிக் வைத்திருக்கிறார். வயதானவர், அதட்டலான குரல். யூனுஸ் பழக்கதோஷத்தில் வெளியே நிற்கப் பார்த்தார். "நீங்களும் உள்ள வாங்க, உங்க பொண்ணுதானே" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். ரிஃப்காவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கேள்வி கேட்டார். பிறகு எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"கர்ப்பப்பைங்கறது ஒரு தசை. உள்ள படிஞ்சிருக்கறதை வெளியே தள்ள அது இறுகி இறுகி விடும். அதுக்காக உடம்புல ஒண்ணு சுரக்குது. சிலருக்கு அது ஜாஸ்தியா சுரக்கும். வலி, வாந்தி, பேதி எல்லாம் அதனாலதான். நான் எழுதப்போற மாத்திரை அது சுரக்கறதைக் குறைக்கும். அதனால வலி உச்சிக்கு ஏறினப்புறம் போடறதுல பாதிதான் பிரயோஜனம். ஆரம்பிக்கும்போதே போடணும், ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடணும். ரெண்டு மூணு நாளைக்குத்தான், நான் எழுதித்தர்ற அளவைத் தாண்டக்கூடாது."

"வெந்நீர் பாட்டில் வெக்கலாமா டாக்டர்?" என்றாள் ரிஃப்கா.

"ரொம்ப நல்லது. கொஞ்சம் நடக்கறதும் நல்லது. மாத்திரை போட்டும் அடங்கலைன்னா, இல்ல மாசத்துக்கு மாசம் கூடிட்டே போச்சுன்னா, ரத்தம் ரொம்பப் போச்சுன்னா உடனே வா, ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். இப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கோ, வெளுத்துப்போய் இருக்கே."

ஹமீதா பானு மெதுவாகக் கேட்டாள். "இது போட்டா பின்னாடி புள்ள தங்காதுன்னு சொல்றாங்களே டாக்டர்."

"யார் சொல்றா?"

அவள் யோசித்தாள். "எல்லாரும்" என்றாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பழகியும் போகாது." டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

ஹமீதா பானு கணவனைப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் இப்படித்தான்."

"இப்ப?"

"இப்பவும்."

"என்ன செய்வீங்க?"

"பொறுத்துக்குவேன்."

யூனுஸ் படத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு அட்டை மாத்திரையை எடுத்து மேலே வைத்தார். வெள்ளை அட்டை, சாதாரணமாக இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஹமீதா பானு கேட்டாள்.

"இது புதுசா வந்ததா டாக்டர்?"

"இதுவா?" டாக்டர் சிரித்துவிட்டார். "நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தாச்சும்மா. ரொம்பப் பழைய மாத்திரை. எல்லா மெடிக்கல்லயும் கிடைக்கும்."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். நன்றி சொன்னாள். சீட்டை வாங்கிக் கைப்பையில் வைத்தாள். ரத்தம் கொடுக்க ரிஃப்கா உள்ளே போனதும், வெளி வராந்தாவில் இருந்த இரும்பு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தமும் வந்தது. சத்தமே இல்லாமல் எல்லாம் செய்யத் தெரிந்தவள், டோக்கன் போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள்.

யூனுஸ் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழுவாத. அதான் டாக்டரம்மா சொல்லிட்டாங்கல்ல, இனிமே அவளுக்கு வலிக்காது."

"நான் அவளுக்காக அழுவலைங்க" என்றாள் ஹமீதா பானு.